நண்டுக் குழம்புக்காரன்

"உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. இப்பப் போவாதீங்க" என்று கதவை மறித்து நின்றாள் இராஜம்மா.

எதிரே அவள் புருஷன் நாகையா, கையில் விறகுக்கட்டையோடு. சங்கு ஊதுமுன்பே வேலையை விட்டுப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டுக்கு ஓடி வந்திருந்தார். தம் வீட்டு அறையில் இன்னொருவன் சாப்பிடுவது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எல்லாம் அடுத்த வீட்டு அந்தோனிப்பிள்ளை மூட்டிய தீ. "நாளைக்குத் தீபாவளி. தங்கச்சி ஒனக்கு என்ன வேட்டி எடுத்துச்சு?" என்று பட்டறையில் கேட்டார்.

"சாதா வேட்டி."

"அப்படியா. பாசார்ல ஜரிகை வேட்டியில்ல வாங்குச்சு. கிள்ளான் நண்டு வேற, சுருட்டு வேற. சரி, நமக்கேன் வம்பு."

நாகையா சுருட்டை விட்டாயிற்று. நண்டையும் விட்டாயிற்று. பெரிய சண்டையின்போது பட்டாளத்துக்குத் தண்டவாளம் போட பஸ்ராவுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து, கஞ்சியைத் தவிர எதுவும் அவருக்கு இறங்குவதில்லை.

என்ஜின் கூவினால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வார். ரயில்வேயில் சம்பளம் வாங்குகிறவருக்கு இது கொஞ்சம் சிரமம்தான். முன்பெல்லாம் அவர் இங்கே சிரித்தால் பங்சார் தோட்டத்தில் நாய்கள் குரைக்கும். இப்போது அந்த நாய்கள் சும்மா படுத்திருந்தன.

கதவிடுக்கில் நண்டுக் குழம்பு மணத்தது.

"எனக்கு என்னிக்காவது இப்படி ஆக்கிப் போட்டிருக்கியா?"

"நீங்கதான் கஞ்சி போதும்னீங்க."

"அவனுக்கு ஜரிகை. எனக்குச் சாதா."

"அவருக்கு ஜரிகைன்னாத்தான் புடிக்கும்."

"அவன் என்ன பெரிய ராசாவா?"

"இல்ல. ஆனா வாய் நிறையப் பேசுவாரு. நான் அழுதுக்கிட்டு இருந்தாக்கூட சிரிக்க வச்சிடுவாரு."

சொல்லும்போதே இராஜம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கல்யாணத்தன்று பார்த்த முகம் அது.

"நான் வேணுமா, அவன் வேணுமா? இப்பவே சொல்லிடு. நான் போயிடறேன்."

நாகையா அவளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஆள் இல்லை. விளக்குக்கு முன்னால் தலைவாழை இலை, நண்டுக் குழம்பு, ஒரு குவளை கள்ளு, சுருட்டு, மடித்து வைத்த ஜரிகை வேட்டி.

படையல். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, கதவைச் சாத்திவிட்டால் அவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்பது லயத்து வழக்கம்.

விறகுக்கட்டை தானாகக் கீழே இறங்கியது. செத்தவன்மேல் பொறாமைப்படுவதில் அர்த்தமில்லை என்று நாகையாவுக்கே தெரிந்தது. ஆனாலும் பொறாமை இறங்கவில்லை.

"யாருடி அவன்? எனக்கு முந்தியே ஒருத்தன் இருந்தானா?"

"நீங்க பஸ்ராவுல செத்துட்டதா ஆபீஸ்லேருந்து வந்து சொன்னாங்க. அந்த வருசம் வைக்க ஆரம்பிச்சது."

நாகையா தம் கையைத் தாமே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான்தான் உசுரோட வந்துட்டேனே புள்ள. வந்து ரெண்டு வருசமாச்சே."

இராஜம்மா நலுங்கியிருந்த இலையின் நுனியைச் சரி செய்தாள்.

"நீங்க வந்துட்டீங்க. அவரு இன்னும் வரலியே."