மொரிஷியஸில் நிற்கும் கப்பல்

“அத்தை, கப்பல் மொரிஷியஸ்ல நிக்குது!”

கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் ஆப்பை செல்போனில் பார்த்த மாரிசெல்விக்குப் பகீரென்றது.

அவள் கணவன் விமலுக்கு நிலக்கரிக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. தென்னாப்பிரிக்காவில் சரக்கேற்றி எட்டாம் தேதி தூத்துக்குடி வரும் கப்பலிலிருந்து இறங்கி, நேரே ராஜபாளையம் வருவதாக ஏற்பாடு. நடுக்கடலில் சிக்னல் இல்லாததால் நாலு நாளாகப் பேச்சும் இல்லை.

பன்னிரண்டாம் தேதி அவளுக்குப் பிரசவம். முதல் பிரசவத்தில் அவன் கூட இல்லை, குழந்தையும் தங்கவில்லை. இந்தத் தடவை அவன் பக்கத்தில் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிப் படியே ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கப்பல் கம்பெனியின் சென்னை ஆபீசுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினாள். மேனேஜர் விக்னேஸ்வரன் எடுத்தார்.

“விமல் வீட்டுல இருந்து பேசுதேன் சார். கப்பலை எதுக்குத் திருப்புனீங்க?”

“உடம்பு சரியில்லாத ஒருத்தரை இறக்கத்தாம்மா. குடல்வால் வீங்கி ரொம்ப மோசமாயிடுச்சு. எங்களுக்கும் நஷ்டம்தான். கப்பலை நாள் வாடகைக்கு விட்டிருக்கோம். திருப்பின நிமிஷமே வாடகை நின்னுடும், எண்ணெய்ச் செலவும் எங்க தலையில. அவருக்குப் பதில் ஆள் ஏறினதும்தான் கப்பல் கிளம்பும், தூத்துக்குடி வர பதினாலாம் தேதி ஆயிடும்.”

பதினாலா! மாரிசெல்விக்கு வார்த்தை தடித்தது.

“ஒருத்தருக்காக அத்தன பேரும் காத்துக் கெடக்கணுமா? மாத்திரையக் குடுத்துக் கூட்டியாந்து தூத்துக்குடியில பாத்திருக்கலாம்லா?”

“நல்லாக் கேளுட்டி!” மாமியார் சண்முகத்தாய் பக்கத்தில் வந்து நின்றாள். “எவ பெத்த புள்ளைக்கோ எம் மவன் ஏன் கடல்ல தவங் கெடக்கணும்?”

“தூத்துக்குடி வர இன்னும் ஒன்பது நாள், அதுவரை தாங்கமாட்டார்னு கேப்டன் சொன்னார்மா. அதான் முதலாளியைக்கூடக் கேக்காம நானே திருப்பச் சொல்லிட்டேன்.”

“போன வாடகையை நீங்க அடுத்த மாசம் சம்பாதிச்சுக்குவீங்க சார். எம் புருசன் அன்னிக்கு இல்லைன்னா நான் என்ன செய்வேன்?” அவள் அழுதுவிட்டாள்.

விக்னேஸ்வரன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஆபரேஷன் நல்லபடியா முடியுற வரைக்கும் வீட்டுக்குச் சொல்லாதீங்க, நிறைமாசம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டார்மா. இன்னிக்குக் காலையில எழுந்து நடந்துட்டாராம். பத்தாம் தேதி பிளைட்டுல மதுரைக்கு அனுப்பி வைக்கிறோம். உங்க பிரசவத்துக்கு முன்னாடியே விமல் வீட்டுக்கு வந்துடுவார்.”