ரெண்டு காதும் தெரியணும்

“இந்த போட்டோ செல்லாது சார். ரெண்டு காதும் தெரியணும்,” என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

பெரியவர் விழித்தார். “முதியோர் அட்டைக்குக் காது எதுக்கும்மா?”

“எனக்கும் தெரியாது சார். சட்டத்துல ஒன்பதாம் பிரிவுல இருக்கு. இருபது வருஷமா எல்லாரும் காதைக் காட்டித்தான் வாங்கறாங்க.”

அந்தச் சட்டத்தை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த வக்கீலே அவர்தான். காதை எதற்குக் கேட்டோம் என்று எவ்வளவு மண்டையைக் குடைந்தும் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ஃபைலைப் பிரித்தார்.

“அவசரம்னு வேற ஒரு சட்டத்தை மாதிரியா வச்சு எழுதியிருக்கேன். ஒரு வரியை மாத்த மறந்துட்டேன்,” என்றார் மனைவியிடம்.

“எந்தச் சட்டம்?”

“கால்நடைப் பதிவுச் சட்டம்.”

மனைவி அவர் காதை மறைத்திருந்த முடியைச் சீப்பால் ஒதுக்கிவிட்டாள். “போய் போட்டோ எடுத்துட்டு வாங்க. கொம்பு இருந்த வரியையாவது மறக்காம நீக்கினீங்களே.”