கரண்டியால் கலந்த மாவு

தட்டிலிருந்த இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்தான் பாண்டீஸ்வரன். “கல்லு மாதிரி இருக்கு. காளீஸ்வரி கை பட்டா மாவு பொங்கி வழியும்.” காளீஸ்வரி அவனுடைய முதல் மனைவி. இறந்து மூன்று வருடமாகிறது.

இரண்டாந்தாரமாக வந்த ராமலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழக்கரைக்குப் போய் நுண்ணுயிரியல் படித்தவள் அவள்.

“மாவப் பொங்க வைக்கிறது உளுந்துல இருக்கிற பாக்டீரியா. செத்தவுக கை இல்ல. இன்னைக்குக் கையே படாமப் பொங்க வச்சுக் காட்டுறேன், பாருங்க.”

அன்று மாலை ஆட்டிய மாவைக் கரண்டியால் வழித்து, கரண்டியாலேயே கலந்தாள். உப்பைக் காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விடிந்தபோது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. “பாத்தீகளா?” என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். உப்புப் போடுமுன் ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு அளவாக இருந்தது.

“அக்கா, இது என் அடுப்படி! ஒங்களுக்கு இங்கன என்ன வேல?” என்று கத்தினாள். மாவு முழுவதையும் தென்னை மூட்டில் கொட்டினாள்.

மாலையில் புதிதாக ஆட்டி, வீம்புக்குக் கையாலேயே கலந்தாள். கையை வெளியே எடுத்தாள். சுற்றிக்கொண்டிருந்த மாவு நின்றது. பிறகு மெதுவாக எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கியது.