பழகிய தூக்கம்

குளத்திலிருந்து தண்ணீரோடு கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் வந்த செல்லியம்மாள், சோற்றில் கை வைத்தபடியே கண்ணயர்ந்த கணவன் தருமனை உலுக்கினாள்.

"இன்னாய்யா, எலையிலயே தூங்கறே?"

"கம்பெனிக்காரன் எங்க தூங்க வுடறான்? இப்பவே பட்டணத்துக்குக் கல்லு ஏத்திக்கினு போவணும்."

"இன்னிக்கு ஒருநாள் படுத்துட்டுப் போயேன்."

"போறப்ப தூங்கிக்கறேன். இத்தினி வருசமா முழிச்சுக்கினா ஓட்டினேன்?"

உண்மைதான். வண்டி மாடுகளுக்கு வழி தெரியும். அவனைவிட அவற்றை நம்பித்தான் அவளும் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தாள்.

வைக்கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாடுகளும் இல்லை, மொட்டை வண்டியும் இல்லை. கம்பெனி பெயர் எழுதிய புது லாரி நின்றது. ஸ்டீரிங்கில் தருமனின் துண்டு தொங்கியது.

வைக்கோலை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

"பாய் போடறேன், படு. எவன் வந்தாலும் நான் பேசிக்கறேன்."