பிடி இல்லாத ஸ்டியரிங்

படகு பாதி தூரம் போனதும் ஸ்டியரிங் அன்வரியின் கையில் சும்மா சுற்றியது.

காலையில் படப்பிடிப்பு ஒத்திகையிலேயே அது கொழகொழவென்றுதான் இருந்தது.

சக்கரத்தைத் திருப்பினால் குழாய் வழியாக எண்ணெய் பின்னால் போய், அங்கிருக்கும் தண்டைத் தள்ள வேண்டும். தண்டு எஞ்சினைத் திருப்பும். இரண்டு எஞ்சினையும் ஒரே கம்பி பிணைத்திருப்பதால் ஒன்று திரும்பினால் மற்றதும் கூடவே திரும்பும். எண்ணெய் அமுங்காது. குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் அந்தக் காற்றுதான் அமுங்கும், தண்டு நகராது.

இதெல்லாம் அவள் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. கணவன் இனாயத் சினிமாக்காரர்களுக்குப் படகு எஞ்சின் பார்ப்பவன். ஆறு வருஷமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததில் வந்தது. படகு ஓட்டவும் அப்படித்தான் வந்தது.

அதனால்தான் இன்று டூப்பாக நடிக்க, கதாநாயகியின் ஆரஞ்சுச் சேலையும் சவுரியும் அவள் மேல் இருந்தன. கதாநாயகி கரையில் குடைக்கடியில் இருந்தாள்.

"சக்கரத்துல பிடிப்பே இல்ல" என்று அவள் காலையில் சொன்னபோது, இனாயத்தின் தோளில் படக் கம்பெனி மேனேஜர் கை போட்டுக்கொண்டிருந்தார். காற்றை வெளியேற்ற அரை நாள் ஆகும். வாடகைப் படகு சாயங்காலம் திரும்பிப் போய்விடும்.

"சரி பண்ணிட்டேன். தைரியமா போ" என்றான் இனாயத்.

அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போனாள்.

இப்போது அடையாறு கடலைத் தொடும் இடத்தில், நேர் எதிரே ஒரு கட்டுமரம். அதன்மேல் இரண்டு பேர்.

சக்கரத்தை முழுதாக ஒடித்தாள். படகு நேராகவே போனது. இரண்டு எஞ்சினையும் அணைத்தாலும், போகிற வேகத்துக்கு அவர்கள் மேல் ஏறித்தான் நிற்கும்.

அன்வரி சக்கரத்தை விட்டாள். வலது எஞ்சினை அடியோடு குறைத்தாள். இடது எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளினாள்.

படகு மனமில்லாமல் வலப்பக்கம் முகம் திருப்பியது. கட்டுமரத்தை ஒரு முழம் விலகிக் கடந்தது. மணல் திட்டில் ஏறி, முனகி நின்றது.

கரையில் கைதட்டினார்கள். காட்சி அற்புதமாக வந்திருந்தது.

கட்டுமரம் பக்கத்தில் வந்ததும் அவள் வெடித்தாள்.

"படகு வர்ற வழியிலயா மீன் புடிப்பீங்க? செத்திருப்பீங்களே!"

இருவரில் பெரியவர் துடுப்பை மடியில் வைத்தார்.

"மீனு புடிக்க எங்கம்மா வந்தோம்? உன் வூட்டுக்காரரு காத்தாலயே வந்து எங்கள இங்க நிக்க வச்சிட்டுப் போனாரு. ஸ்டேரிங் வேல செய்யாது, நீ எப்டியும் தண்ணில வுழுவ, ஒடனே தூக்கிடணும்னு."

அன்வரி கரையைப் பார்த்தாள். இனாயத் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றான்.

அவள் சவுரியை அவிழ்த்துப் படகிலேயே போட்டாள். கட்டுமரத்தில் இறங்கி உட்கார்ந்தாள்.

"அக்கரையில, பட்டினப்பாக்கம் பக்கம் எறக்கி வுட்ருங்கண்ணா" என்றாள்.