ஆதரிக்கிறவர்கள்

ஓடைப்பட்டிச் சாவடியில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸுக்குப் பின்னால் சாயங்கால வெயில் நிற்கிறது. அதிலுள்ள நாற்பது முகங்களும் உள்ளே விளக்கேற்றியதுபோல் ஒளிர்கின்றன. ‘புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை ஆதரிக்கிறோம் – திராட்சைத் தோட்டத் தொழிலாளர் சங்கம்.’ மூன்றாம் வரிசையில் தன் புருஷன் அம்மாவாசியின் முகத்தைக் கண்ட மாரீஸ்வரி, சங்கக் கூட்டத்துக்கு வந்தவள், உட்கார மறந்து நிற்கிறாள். போன ஆடியில் செத்தவன். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் போட்ட அதே படம்; வெட்டியது போக மிஞ்சிய மாலையின் நுனி தோளோரம் மஞ்சளாக எட்டிப் பார்க்கிறது. “கடைக்காரன் படத்தை மாத்தி எடுத்துட்டான் போல ஆத்தா,” என்கிறார் சங்கச் செயலாளர் ஈஸ்வரபாண்டி, அவள் முகத்தைப் பார்க்காமல். “பழைய காப்பீட்டுக் கார்டையும் நல்ல கார்டுன்னு நீங்கதான சொன்னீக,” என்கிறாள் மாரீஸ்வரி. “செல்லாதுன்னு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்புனாக. அது சட்டைப்பையில இருக்கையிலேயே அவுக உசிரு போச்சு.” கூட்டத்தில் யாரோ இருமுகிறார்கள். தோட்டத்துப் பக்கமிருந்து பூச்சிமருந்து வாடை வருகிறது. செயலாளர் மைக்கைத் தட்டுகிறார்; அது வெகுநேரம் முனகிவிட்டு அடங்குகிறது. “ஆதரிக்கிறவுக கையத் தூக்குங்க.” ஒரு கையும் எழவில்லை. மலையிலிருந்து இறங்கிய காற்று ஃபிளெக்ஸை உப்பவைத்துத் தளர்த்த, மூன்றாம் வரிசையில் மட்டும் ஒரு மடிப்பு விழுகிறது. முதல் ஆளாக அம்மாவாசி தலையாட்டுகிறான்.