தேனில் மூன்று உருண்டைகள்

ஆரியங்கோட்டு வீட்டின் கிழக்கு ஜன்னலோரம், தொண்ணூற்றாறாம் வருடத்துக் காலை வெயில் ஒரு சதுரக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் இறங்கி, ரப்பர்த் தோட்டத்துத் தேனில் தேங்கி நிற்கிறது. பாட்டிலின் பின்புறம் ஆராய்ச்சி மாணவி சிஜி ஒட்டிய தாளில், பிரிண்டர் அடித்த கருப்புப் புள்ளிகள் தெரிகின்றன. ஒரே அளவுள்ள மூன்று உருண்டைகள் கெட்டித் திரவத்தில் பக்கம்பக்கமாக விழுந்தால் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று, அவளுடைய புரோகிராம் இரண்டு நாள் ஓடிச் சொன்ன இடங்கள் அவை. நடு உருண்டை முந்தும் என்கிறது கணக்கு. கணக்கில் பிழை, திருத்தவும் என்கிறது மேசையில் கிடக்கும் பேராசிரியரின் கடிதம்.

தேனீ வளர்க்கும் அப்பா சத்தியராஜுக்கும் நம்பிக்கையில்லை. முதல்முறை நடு உருண்டை முந்தியபோது, "அதுக்குக் கனம் கூடுதலாக்கும் மக்கா" என்றவர், இப்போது டப்பாவிலிருந்து வேறு மூன்று சைக்கிள் பேரிங் பால்ஸைத் தானே பொறுக்கி, அளவுகோலில் வரிசையாக வைத்துத் தேனுக்குள் சரிக்கிறார். அவை அவசரமில்லாமல் மூழ்குகின்றன. விரற்கடை தூரம் போனதும் நடுவிலிருப்பது மெல்ல முன்னே நழுவுகிறது. அப்பாவின் மூக்கு கண்ணாடியைத் தொடுகிறது.

"அடுத்த புள்ளிக்கு எப்பம் வரும்?"

சிஜி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். "இன்னும் ஒம்பது செகண்டு அப்பா."

அவர் உதட்டுக்குள் எண்ணுகிறார். ஒன்பதில் உருண்டை புள்ளியை மறைக்கிறது. நிமிர்ந்து மகளைப் பார்க்கிறார். அவள் பாட்டில் பக்கமே திரும்பவில்லை. பேராசிரியருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.